மடியில் இருந்த பெட்டி, முதுகில் ஏறிய பை

நாற்பது ஆண்டுகளுக்கு முன் காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்கு அலுவல் காரியமாகப் போனவர் கையிலிருந்த பிரீஃப்கேஸ், உள்ளே ஒன்றும் வைக்காதபோதே இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. இன்று அதே வழியில் போகிறவரின் லேப்டாப் பை காலியாக இருந்தால் முக்கால் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அன்று பெட்டிக்குள் போனவை காகிதங்கள். இன்று பைக்குள் மடிக்கணினி, சார்ஜர், பவர்பேங்க், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் போகின்றன. இரண்டையும் நிரப்பித் தராசில் வைத்தால் அதுவும் நாலு கிலோ சொச்சம், இதுவும் நாலு கிலோ சொச்சம். பை இளைத்திருக்கிறது; சுமை அப்படியே இருக்கிறது. மாறியது சுமை உடம்பில் உட்காரும் இடம்தான்.

எங்கள் ஊரான காவேரிப்பட்டினத்துக்கு ரயில் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை இருந்தது. 1941இல் அதையும் மூடிவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் இருக்கிற எங்களுக்கு அதன்பிறகு வெளியுலகத்துக்கு வழி பஸ்தான். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. 1984இல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகார ஆலைக்கு அந்த ஊரையே தேர்ந்தெடுத்தது. அதுவரை தருமபுரியையும் சேலத்தையும் பார்த்துக்கொண்டிருந்த காவேரிப்பட்டினம், வேலைக்காக வடக்கே திரும்பியது. கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி, சூளகிரி வழியாக ஓசூர் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கப்பால் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. பையைப் பற்றிப் பேச இந்த வழியைவிட நல்ல இடம் கிடைக்காது. பைக், பஸ், நெரிசல், மழை, மேம்பாலம், மெட்ரோ, விமானம் எல்லாமே இதில் அடுத்தடுத்து வருகின்றன.

அன்றைய பஸ்ஸில் பிரீஃப்கேஸ் வைத்திருந்தவர்கள் சிலர்தான். மருந்துக் கம்பெனி ரெப், எல்.ஐ.சி. வளர்ச்சி அதிகாரி, சிப்காட் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர், வழக்குக் கட்டோடு கோர்ட்டுக்குப் போகிற ஒருவர். தொழிலாளி கையில் தூக்குச்சட்டி இருக்கும், குமாஸ்தா கையில் ரெக்ஸின் பை இருக்கும், சந்தைக்குப் போகிறவர் கையில் ஒயர்கூடை இருக்கும். 1970களில் வி.ஐ.பி. போன்ற நிறுவனங்கள் வார்ப்புப் பிளாஸ்டிக்கில் பெட்டி செய்யத் தொடங்கிய பிறகு தகரப் பெட்டியும் தோல் பெட்டியும் மெல்ல ஒதுங்கின. பதினெட்டு அங்குல நீளம், தட்டினால் சத்தம் கேட்கிற கெட்டியான ஓடு, விளிம்பைச் சுற்றி உலோகச் சட்டம், கைப்பிடிக்கு இருபுறமும் மூன்று எண் பூட்டு. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள்தான். பொறுமையுள்ள ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒரு மதியப்பொழுதில் திறந்துவிடுவான். மூடியின் உட்புறம் மடிப்பு மடிப்பாக விரியும் ஃபைல் அறை, பேனா செருக வளையங்கள், விசிட்டிங் கார்டுக்குச் சின்ன உறை.

அந்தப் பெட்டியின் பெரிய குணம் அது திறக்கும் விதம். இரண்டு தாழ்ப்பாளையும் கட்டை விரலால் தள்ளினால் மூடி எழும். உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். எதையும் துழாவ வேண்டியதில்லை. தொழிற்சாலை வாயிலில் காவலர் மூடியைத் தூக்கிப் பார்ப்பார், மூடுவார், வேலை முடிந்தது. மூடிய பெட்டியை மடியில் படுக்கவைத்தால் அதுவே மேசை. சூளகிரி மேட்டில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது அதன்மேல் ஆர்டர் புத்தகத்தை வைத்து எழுதி முடித்தவர்கள் உண்டு. நிலையத்தில் உட்கார இடமில்லாதபோது நிறுத்திவைத்து அதன்மேல் உட்கார்ந்தவர்களும் உண்டு. மூடியின் விளிம்பு அடிப்பாகத்தின் பள்ளத்தில் பொருந்தி உட்காருவதால் தூறலுக்குக் காகிதம் நனையாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு கை முழுவதும் அதற்கே போய்விடும். மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட்டுக்குச் சில்லறை எடுப்பது பெரும்பாடு. பெட்டியின் மூலை நிற்பவர் முழங்காலில் இடிக்கும். தோளில் மாட்ட முடியாது, மடக்க முடியாது, பாதி காலியாக இருந்தாலும் அதே இடத்தை அடைக்கும். கைமாற்றி கைமாற்றித் தூக்கி நடந்தவர்களுக்கு விரல் மடிப்பில் காய்ப்பு விழுந்திருக்கும். அதை இலகுவான பொருளென்று யாரும் சொல்லியதில்லை.

பைக்குள் கணினி நுழைந்தது தாமதமாகத்தான். 1981இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற தூக்கிச் செல்லத்தக்க கணினியின் எடை 11 கிலோ. தையல் மெஷினைக் கைப்பிடி போட்டுத் தூக்குவதுபோல் அதைத் தூக்க வேண்டியிருந்தது. 1992இல் ஐ.பி.எம். வெளியிட்ட திங்க்பேட் 700சி ஏறக்குறைய 3 கிலோ. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய மேக்புக் ஏர் 1.36 கிலோ. இன்று ஓசூர் பஸ்ஸில் போகிற சாதாரண 14 அங்குல மடிக்கணினி ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே இருக்கிறது; நீளம் 32 சென்டிமீட்டர், அகலம் 22. பழைய பிரீஃப்கேஸுக்குள் இப்படிப்பட்ட இரண்டை மேலும் கீழுமாக வைத்து மூடலாம். ஆனால் வைக்கக் கூடாது. காகிதத்துக்கு அசைவு ஒரு பொருட்டில்லை. பிடிமானமில்லாத கெட்டி ஓட்டுக்குள் கணினி சரிந்து மோதினால் மூலை நசுங்கும், திரை விரிசல் விடும். காகிதத்தின் காவலுக்குப் போதுமாக இருந்த பெட்டி இயந்திரத்தின் காவலுக்குப் போதவில்லை. பிரீஃப்கேஸ் தோற்ற இடம் இதுதான்.

எங்கள் பகுதிக்கு மடிக்கணினி இரண்டு வழியாக வந்தது. ஒன்று பெங்களூரு. 1994இல் இன்ஃபோசிஸ் எலக்ட்ரானிக் சிட்டிக்கு இடம் மாறியது. ஓசூர் சாலையில் அடுத்தடுத்துக் கம்பெனிகள் எழுந்தன. 2010 ஜனவரியில் மேம்பாலம் திறந்தது. கருப்பு நைலான் பையைக் குறுக்காகத் தோளில் மாட்டிய இளைஞர்கள் வெள்ளிக்கிழமை இரவுப் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். கணினியோடு சேர்த்துக் கம்பெனி கொடுத்த பை அது. கணினி இரண்டரைக் கிலோ, செங்கல் கனத்தில் ஒரு சார்ஜர், எல்லாம் ஒற்றைத் தோளில். இன்னொரு வழி அரசுப் பள்ளி. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கணினி வந்தது, கூடவே பையும் வந்தது. கணினி பழுதான பிறகும் அந்தப் பையில் துணி, நெல் விதை, கோயிலுக்குப் போகும்போது தேங்காய் பழம் என்று ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. அன்று சிலர் கையில் மட்டும் இருந்த கௌரவம் ஒரே தலைமுறையில் எல்லோர் தோளுக்கும் வந்துவிட்டது. இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இனி இன்றைய லேப்டாப் பிரீஃப்கேஸுக்கு வருவோம். முதுகுப் பையை நான் சொல்லவில்லை. மேலே இரண்டு கைப்பிடி, பக்கத்தில் கொக்கி மாட்டிய தோள்பட்டை, படுக்கைவசமாக ஜிப். பழைய பெட்டியின் வாரிசு என்ற தோரணையில் கடையில் தொங்குகிற அந்தப் பை. கூட்ட அறையில் மேசைமேல் வைத்தால் அழகாக இருக்கும். பல வடிவங்களில் முதுகில் மாட்டிக்கொள்ளும் பட்டைகளையும் பின்புறம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது வெளியே இழுத்து மாட்டிக்கொள்ளலாம். காவேரிப்பட்டினத்திலிருந்து புறப்படுகிறவருக்கு இந்த மூன்று வழிப் பைதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. பஸ் நிலையம்வரை பைக்கில் போகும்போது அது முதுகில் இருக்க வேண்டும், பஸ்ஸில் உட்கார்ந்ததும் மடிக்கு வர வேண்டும், கம்பெனி வரவேற்பறையில் கையில் இருக்க வேண்டும். முதுகுப் பையால் மூன்றாவதையும் வெறும் கைப்பெட்டியால் முதலாவதையும் சரியாகச் செய்ய முடியாது.

ஆனால் இந்தப் பைகளை வடிவமைத்தவர்களின் மனத்தில் விமானப் பயணம்தான் இருந்திருக்கிறது. பின்புறத்தில் குறுக்கே ஒரு பட்டை தைத்திருப்பார்கள். சக்கரப் பெட்டியின் இழுகம்பியை அதற்குள் நுழைத்தால் பை பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 1987இல் ராபர்ட் பிளாத் என்ற அமெரிக்க விமானி இழுகம்பியும் இரு சக்கரமும் வைத்த பெட்டியைச் செய்த பிறகு பிறந்த வசதி அது. விமான நிலையத்தில் அருமையானது. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் அதற்கு வேலையில்லை. விமானத்துக்கு வேறு கணக்குகளும் உண்டு. உள்நாட்டு விமானங்களில் கைப்பெட்டிக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. பவர்பேங்கைச் சரக்கில் போட முடியாது, கையில்தான் எடுத்துப் போக வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டிருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது சுமார் 74 வாட்-மணி. பாதுகாப்புச் சோதனையில் கணினியைத் தட்டில் எடுத்து வைக்கச் சொல்வார்கள். ஆகவே கணினிக்குத் தனி அறை, அதற்குத் தனி ஜிப், அதைத் திறக்கும்போது மற்றது எதுவும் கலையாத அமைப்பு வேண்டும். இதை நல்ல பைகள் சரியாகவே செய்கின்றன.

பஸ்ஸுக்குள் வந்தால்தான் சோதனை கடுமையாகிறது. சரக்குத் தட்டில் வைத்தால் சூளகிரித் திருப்பத்தில் சரியும். காலடியில் வைத்தால் பஸ் ஒவ்வொரு பிரேக் பிடிக்கும்போதும் கணினியின் கீழ்விளிம்பு தரையில் இடிபடும். பையின் அடிப்பாகத்துக்கும் கணினிக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு அறை தொங்குகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு தடித்த பஞ்சு வைத்தாலும் அடியில் இந்த இடைவெளி இல்லையென்றால் பயனில்லை. அடுத்து, தரையில் வைத்தால் பை தானாக நிற்க வேண்டும். பழைய பெட்டிக்கு அடியில் நாலு சின்னக் குமிழ்கள் இருந்தன. நிறுத்தினால் நிற்கும், தரையின் ஈரமும் ஏறாது. அந்த நாலு குமிழை இன்று எத்தனையோ பைகளில் விட்டுவிட்டார்கள். கையை எடுத்ததும் பை மடங்கிப் படுத்துவிடுகிறது.

அறைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். பன்னிரண்டு அறை என்றால் சாவியைத் தேட பன்னிரண்டு இடம். சிப்காட் வாயிலில் கணினியின் வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். பெங்களூருவில் 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலை முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தட மெட்ரோ திறக்கப்பட்டபின், ஓசூர்ப் பக்கமிருந்து போகிறவர்கள் பொம்மசந்திராவில் ரயிலுக்கு மாறுகிறார்கள். அங்கேயும் பை சோதனைக் கருவிக்குள் போய் வருகிறது. ஒரு நாளில் இத்தனை முறை திறந்து காட்ட வேண்டிய பையில், பழைய மூடியைப்போல் ஒரே வீச்சில் விரியும் அமைப்பை ஏன் கைவிட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. மூன்று பக்கமும் ஜிப் ஓடி முழுதாக விரிகிற பைகள் இருக்கின்றன. தேடித்தான் வாங்க வேண்டும்.

துணியையும் பார்க்க வேண்டும். 1680 டெனியர் நைலான் என்றால் அதன் நூலில் 9,000 மீட்டரை எடுத்து நிறுத்தால் 1,680 கிராம் வரும். உராய்வை நன்றாகத் தாங்கும். தோல் போலத் தெரிகிற பாலியூரித்தேன் பூச்சு, கடையில் மினுமினுக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் பூச்சை மெல்லச் சிதைத்துச் செதில் செதிலாக உரித்துவிடும். உண்மையான தோல் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சாலையில் கிழக்கே போனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோலுக்குப் பெயர் போன தமிழ்நாட்டை ஒட்டிய புதுச்சேரியில் 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் போன்ற நிறுவனங்கள் தோல் பிரீஃப்கேஸை உலகத்துக்கே விற்கின்றன. கை பட்டுக் கை பட்டு நிறம் கூடுகிற அழகு நைலானுக்கு வராது. தினசரி பஸ்ஸுக்கு மட்டும் அதைச் சொல்லத் தயங்குவேன். கனம் அதிகம், நனைந்தால் காயவைக்க நாள் பிடிக்கும்.

பழுது பார்ப்பதில் நிலைமை பாதிக்குப் பாதி. பிரீஃப்கேஸின் கைப்பிடி உடைந்தால், தாழ்ப்பாள் கழன்றால், பெட்டி பழுதுபார்க்கும் கடையில் ரிவெட் அடித்துக் கொடுப்பார்கள். ஒரே பெட்டி இருபது ஆண்டு உழைத்தது. உழைத்து ஓய்ந்த பிறகும் அது வீட்டை விட்டுப் போகவில்லை. பல வீடுகளில் இன்றும் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. உள்ளே பட்டா, பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல். இன்றைய பையில் முதலில் போவது ஜிப்பு. “ஜிப்பு நல்லாத்தான் இருக்கு சார், ரன்னர்தான் தேஞ்சிருக்கு” என்று சொல்லிக் குறடால் அழுத்தியோ புது ரன்னர் போட்டோ சரிசெய்து தருகிறவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் உட்புறத் துணியை ஒட்டுப்பசையால் ஒட்டிய பைகளைப் பிரிக்க முடிவதில்லை. ரன்னர் மாற்றக்கூட வழியில்லாமல் குப்பைக்குப் போகின்றன. வாங்குவதற்கு முன் உட்புறத்தைப் புரட்டித் தையல் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்த ஒப்பீட்டில் எடைக்கும் சென்டிமீட்டருக்கும் அடங்காத ஒன்று உண்டு. அன்று பஸ்ஸில் பொருள் கைமாறுவது இயல்பு. நெரிசலில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே துண்டு போடுவார்கள். துண்டில்லாதவர் பையைப் போடுவார். பிரீஃப்கேஸைப் போட முடியாது. ஜன்னலோரம் இருப்பவரிடம் நீட்டி, “அண்ணா, இதைக் கொஞ்சம் சீட்டுல வையுங்க” என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குச் சுற்றி ஓடுவார்கள். நிற்க நேர்ந்தால் உட்கார்ந்திருப்பவரே கை நீட்டுவார்: “இப்படிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன்.” முன்பின் தெரியாதவர் மடியில் ஒருவருடைய அலுவலகமே கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்வரை போகும். நடுவில் இறங்குகிறவர் அதைப் பக்கத்தில் இருப்பவர் மடிக்கு மாற்றி, உரியவரைக் கண்ணால் காட்டிவிட்டுப் போவார். உள்ளே இருந்தவை திருடனுக்கு உதவாத காகிதங்கள் என்பதும் அந்த நிம்மதிக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்று லேப்டாப் பையை யாரும் நீட்டுவதில்லை. நிற்பவர் முதுகிலிருந்து கழற்றி மார்பில் மாட்டிக்கொள்கிறார், இரு கையாலும் அணைத்துக்கொள்கிறார். உட்கார்ந்திருப்பவரும் கேட்பதில்லை, கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம். பைக்குள் இருப்பது கம்பெனியின் சொத்து. தொலைந்தால் போலீஸ் புகார், அலுவலகத்துக்கு விளக்கம், சம்பளத்தில் பிடித்தம் என்ற பயம். யாரையும் குறை சொல்ல முடியாது. கூடவே வைத்திருக்கிற சாப்பாட்டுப் பையை மட்டும் இன்றும் நீட்டுகிறார்கள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் தனிச் சாப்பாட்டுப் பையே லேப்டாப் பிரீஃப்கேஸின் வடிவக் குறையால் வந்தது. படுக்கைவசமான பையில் டிபன் பாக்ஸை நிமிர்த்தி வைக்க இடமில்லை. சாய்த்து வைத்தால் குழம்பும் தயிரும் கணினிக்குப் பக்கத்தில். ஆகவே இன்னொரு பை, இன்னொரு கை. நம் ஊர்ப் பயணிக்குப் பை தைக்கிறவர்கள், அடியில் தட்டையாக, மற்ற அறைகளிலிருந்து நீர்புகாத் துணியால் பிரித்த ஒரு சாப்பாட்டு அறையை வைத்தால் அதைத் தேடி வாங்குவார்கள் என்று நம்புகிறேன். அதுவரைக்கும், பை வாங்கப் போகிறவர் காலிப் பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதில் பயனில்லை. சொந்தக் கணினி, சார்ஜர், நிரப்பிய பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் கடைக்கு எடுத்துப்போய் அங்கேயே அடுக்கிப் பார்க்கலாம். தரையில் விட்டால் நிற்கிறதா, ஒரு கையால் கணினியை உருவ முடிகிறதா, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தால் கைகள் அதன்மேல் வசதியாக ஊன்றுகின்றனவா என்று பார்க்கக் கால்மணி நேரம் ஆகும். கடைக்காரர் பொறுமை இழந்தால், கிருஷ்ணகிரியில் வேறு கடைகளும் இருக்கின்றன.